தாய்மாமனுக்கு முதல் பத்திரிகை

என் மனைவி மாரியம்மா ‘பார்க்கலாம்’ என்று சொன்னால் அந்தக் காரியம் நடக்காது. கல்யாணமான புதிதில் இது எனக்குத் தெரியாது. தைப்பூசத்துக்குப் பினாங்கு போகலாமா என்று கேட்டேன், பார்க்கலாம் என்றாள், நானும் நம்பிப் புதுச் சட்டை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அப்புறம்தான் பாடம் படித்தேன். ‘உங்க இஷ்டம்’ என்றால் என் இஷ்டம் செல்லாது. ‘ஒண்ணும் இல்ல’ என்றால் அன்றைக்கு வீட்டில் யாரும் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. மனதில் இருப்பதை அப்படியே எடுத்துப் போட்டால் ஒரு குடும்பமும் உருப்படாது. நான் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். விடியற்காலையில் ஏறுகிற பெண்கள் ‘எப்படிண்ணே இருக்கீங்க’ என்று கேட்டால் முட்டி வலியை விவரமாகவா சொல்கிறேன்? ‘நல்லா இருக்கேம்மா’ என்று சொல்லிவிட்டுக் கதவை மூடுகிறேன்.

ஆனால் அவளிடம் அதிகமாகப் ‘பார்க்கலாம்’ வாங்கியவன் நானில்லை. அவளுடைய ஒரே தம்பி பத்துமலை. ஆண் பிள்ளை வேண்டுமென்று பத்துமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டு பெற்றதால் அந்தப் பெயர். தாப்பா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர்கள் குடும்பம் பால்மரம் சீவிக்கொண்டிருந்தது. தோட்டத்தை விற்று, மரங்களைத் தள்ளி, லயத்து வீடுகளில் இருந்தவர்களை வெளியே அனுப்பிய சமயத்தில்தான் அவனுக்கு உடம்பு கெட்டது. உடம்பு என்று சொல்வது எங்கள் பழக்கம். கெட்டது மனது. சுவருக்குள் யாரோ பேசுகிறார்கள் என்றான், சோற்றில் எதையோ கலந்துவிட்டார்கள் என்றான், ஒரு நாள் ஈப்போவுக்குப் போகும் பெரிய சாலையின் நடுவே போய் உட்கார்ந்துகொண்டான். என் மாமியார் கயிறு கட்டிப் பார்த்தார், மந்திரித்துப் பார்த்தார். கடைசியில் நான்தான் அவனைத் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்த்தேன்.

அங்கே அவனுக்கு நல்லதுதான் நடந்தது. மருந்து ஒத்துக்கொண்டது. பல வருஷமாக அமைதியாக இருக்கிறான். ஆஸ்பத்திரித் தோட்டத்தில் கீரை போடுகிறான், வயதானவர்களுக்குச் சோறு எடுத்துக் கொடுக்கிறான். மருந்தை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். மாதா மாதம் நாங்கள் போய்ப் பார்ப்போம். கிளம்பும்போது அவன் கேட்பான்.

“எப்பக்கா வீட்டுக்கு?”

“பார்க்கலாம்டா.”

“சரிக்கா. ஒங்களுக்கும் வேல இருக்கும். போயிட்டு வாங்க.”

அவள் சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரியும். கூடப் பிறந்தவனாயிற்றே.

மாரியம்மாவுக்குத் தம்பிமேல் பாசம் இல்லாமல் இல்லை. பயம். மகள் சின்னவளாக இருந்தபோது பிள்ளையை நினைத்துப் பயம், மகள் வளர்ந்த பிறகு ஊரை நினைத்துப் பயம். ஈப்போவில், புந்தோங்கில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடு எங்களுடையது. நாங்கள் மிளகாய் வறுத்தால் பக்கத்து வீட்டில் தும்முவார்கள்.

எங்கள் பேராக் மாநிலத்தில் இருப்பவர்களுக்கு நான் அடுத்ததை விளக்க வேண்டியதில்லை. இங்கே தஞ்சோங் ரம்புத்தான் ஊர்ப் பெயர் மட்டுமில்லை, கேலியும்தான். சட்டையைத் திருப்பிப் போட்டவனை, மழை வரும் நேரத்தில் துணி காயப்போட்டவளை, சிக்னல் போடாமல் திரும்புகிறவனை, எல்லோரையும் எல்லோரும் அங்கேதான் அனுப்புகிறார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் என்ற பேதம் இந்த ஒரு விஷயத்தில் கிடையாது. ‘ஒன்னயெல்லாம் தஞ்சோங் ரம்புத்தான்லதான் போடணும்’ என்று என் பஸ்ஸில் யாராவது ஒருத்தி தினமும் இன்னொருத்தியிடம் சொல்வாள். சொல்கிறவள் கெட்டவள் இல்லை. நான் ரேடியோவைச் சத்தமாக வைப்பேன். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. ‘அங்க’ என்போம். ‘ஞாயித்துக்கெழம அங்க போலாம்’ என்றால் எங்கே என்று யாரும் கேட்க மாட்டோம்.

வெளியாட்களுக்கு வேறு பெயர் வைத்திருந்தோம். புந்தோங்குக்குக் குடி வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மா உன் தம்பி எங்கே என்று கேட்டார். வெளியூர்ல என்றாள் மாரியம்மா. எந்த ஊர் என்றார். அந்த நேரத்தில் அவள் வாயில் வந்தது சிங்கப்பூர். அவ்வளவுதான், அன்றிலிருந்து பத்துமலை சிங்கப்பூர்வாசி. பொய்க்குத் தீனி போட வேண்டுமில்லையா, வருஷத்துக்கு ஒரு தடவை ஈப்போ சூப்பர்மார்க்கெட்டில் சாக்லேட் வாங்கி, தம்பி அனுப்பினான் என்று அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பாள். சிங்கப்பூர் சாக்லேட் ருசியே தனி என்று அவர்களும் சாப்பிட்டார்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் நானும் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தவன்தான்.

மகள் தினேஸ்வரி ஈப்போவில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறாள். தைப்பிங் பையன் தீபனை அவளே பார்த்து, அவளே முடிவு செய்து, எங்களிடம் தகவல் சொன்னாள். நல்ல பையன், எங்களுக்கும் பிடித்திருந்தது. நாள் குறிக்க அவன் அப்பா பிச்சைமுத்துவும் அம்மா வீரம்மாவும் அவனோடு பழத்தட்டு எடுத்துக்கொண்டு வந்தார்கள். பிச்சைமுத்து ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், கேட்டால்தான் பேசுவார். வீரம்மா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

“பசியாறிட்டுத்தான் வந்தோம் சம்பந்தி. ஒண்ணும் அலட்டிக்காதீங்க.”

தைப்பிங்கில் இருந்து அவ்வளவு தூரம் வந்தவர்களுக்குப் பசிக்காமல் இருக்குமா? மாரியம்மா இடியப்பத்தைக் கொண்டு வந்து வைத்தாள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நன்றாகச் சாப்பிட்டார்கள். எனக்கு வீரம்மாவை அப்போதே பிடித்துவிட்டது.

நாள் குறித்தாகிவிட்டது, மண்டபம் பேசியாகிவிட்டது. கோப்பி குடிக்கும்போது வீரம்மா சொன்னார்.

“எங்க பக்கம் தாய்மாமன்தான் பொண்ணு கையப் புடிச்சி மணவறைக்குக் கூட்டிட்டு வரணும். மாமன் இல்லாம ஒண்ணும் ஓடாது லா. பொண்ணோட மாமா எங்க இருக்காரு?”

சிங்கப்பூர் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் மாரியம்மா சொல்லிவிட்டாள்.

“தஞ்சோங் ரம்புத்தான்ல.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் சொன்னாள் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தேன். களைப்புதான் காரணம் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடக் கேன்டீனில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவள் அவள். அதற்கு மேல் இந்தப் பொய்யையும் இத்தனை வருஷம் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். அன்றைக்கு அவளால் முடியவில்லை.

வீரம்மா ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

“அய்யோ சம்பந்தி! எங்க வீட்லயும் அதே கததான். எந்தம்பிய அங்க கொண்டு போயி விட்டா டாக்டரே ஓடிருவாரு!”

பிச்சைமுத்துகூடத் தோள் குலுங்கச் சிரித்தார். மாரியம்மா அவர்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் அவளும் சிரித்தாள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அவள்தான். தினேஸ்வரி குவளைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். தீபன் மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நெசமாச் சொல்லுங்க, எங்க இருக்காரு?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார் வீரம்மா.

“சிங்கப்பூர்ல” என்றாள் மாரியம்மா.

“அப்படிச் சொல்லுங்க! லீவு கெடைக்கும்ல?”

“கெடைக்கும்.”

அவர்கள் போன பிறகு மாரியம்மா பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள். ஒரே சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“என்னம்மா?” என்றேன்.

“ஒண்ணும் இல்ல.”

நான் பேசாமல் போயிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கும் பொறுக்கவில்லை.

“ஒண்ணும் இல்லன்னா எதுக்கு அந்தச் சட்டியத் தேச்சுத் தேச்சு ஓட்ட போடற?”

“சொன்னேன்ல? வாயத் தொறந்து சொன்னேன்ல? அவங்க சிரிச்சா நான் என்னா செய்ய?”

“மறுபடி சொல்லு.”

“நீங்க சொல்லுங்க.”

என்னால் முடியாது. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அப்போதுதான் தினேஸ்வரி சமையலறையில் இருந்து வந்து, தீபனுக்கு எல்லாம் தெரியும் என்றாள். பழக ஆரம்பித்த புதிதிலேயே சொல்லிவிட்டாளாம்.

“அப்பறம் ஏன் அவங்கம்மாகிட்ட சொல்லல?” என்று கேட்டேன்.

“அவங்க மனசு நோகாம சொல்லணும்பா. பார்க்கலாம்னு சொல்லியிருக்காரு.”

அந்த வீட்டிலும் ஒரு ‘பார்க்கலாம்’ இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. மாரியம்மா சிரிக்கவில்லை. வீரம்மாவுக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்றாள். ரத்தத்தில் இருக்கிறது, நாளைக்குப் பிள்ளைக்கு வரும், பேரனுக்கு வரும் என்பார்கள், நம் பெண்ணை எவனும் எடுக்க மாட்டான் என்றாள். தினேஸ்வரி ஏதோ சொல்ல வந்தாள். “நீ சும்மா இரு” என்று அவள் வாயை அடைத்துவிட்டாள்.

அப்புறம் முடிவெல்லாம் அவள்தான் எடுத்தாள். அவள் பெரியப்பா மகன் தனேஸ்வரன் மாமன் இடத்தில் நிற்பான். பத்துமலைக்குச் சிங்கப்பூரில் லீவு கிடைக்கவில்லை என்று கடைசி நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம். என்னிடம் கேட்டாள். உன் இஷ்டம் என்றேன். நான் சொன்னாலும் அர்த்தம் அதேதான், என் இஷ்டம் செல்லாது.

பத்திரிகை அச்சாகி வந்தது. இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. சாமிக்கு வைத்த பிறகு மனிதர்களில் முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான் போக வேண்டும். அதுவும் தபாலிலோ போனிலோ அனுப்பக் கூடாது, தட்டில் வைத்து, நேரில் போய், கணவன் மனைவி இருவருமாகக் கொடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லப்போகிற தம்பிக்கு எதற்கு முதல் பத்திரிகை என்று நான் கேட்டேன். மாரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“மொறன்னு ஒண்ணு இருக்குல்ல?”

மறுநாள் காலையில் அவள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டாள். பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய், பூ, சந்தனம், குங்குமம், நடுவில் பத்திரிகை. தட்டை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே காரில் வந்தாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். “மொதல்ல குடுத்துருவோம். அப்பறம் மெதுவா வெவரத்த சொல்லுவோம். கூட்டம், சத்தம், ஒனக்கு ஒத்துக்காதுடான்னு சொல்லுவோம். என்னாங்க?” நான் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குள் பெரிய பெரிய மரங்கள். அங்கே எப்போதும் வெயில் குறைவாகத்தான் இருக்கும். பார்வையாளர்கள் உட்காரும் கூடத்தில் காத்திருந்தோம். பத்துமலை வந்தான். முடி ஒட்ட வெட்டியிருந்தது, கையில் மண். தட்டைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிப் போனான். கை கால் கழுவி, முகம் கழுவி, ஈரக் கையால் தலையைத் தடவிக்கொண்டு வந்து நின்றான். இதெல்லாம் அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

“தினேஸ்வரிக்குக் கல்யாணமாக்கா?” என்றான்.

“ஆமாடா.”

நாங்கள் இருவரும் தட்டின் இரு பக்கமும் பிடித்து நீட்டினோம். அவன் இரண்டு கையாலும் வாங்கினான். அப்போது மாரியம்மாவின் வாய் அதுபாட்டுக்குப் பேசிவிட்டது. பத்திரிகை கொடுக்கும்போது எல்லோரும் சொல்வதை, அவள் ஆயிரம் தடவை கேட்டிருப்பதை, தம்பிக்கு ‘ங்க’ போட்டு அப்படியே சொன்னாள்.

“தாய்மாமன் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும். குடும்பத்தோட கண்டிப்பா வந்துருங்க.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. குடும்பமாம். கண்டிப்பாக வரணுமாம். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் காற்றாடியைப் பார்த்தேன்.

பத்துமலை தட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் பத்திரிகையை எடுத்துப் பிரித்தான். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தான். மருமகள் பெயர் வந்தபோது சிரித்தான். கீழே போய் விரல் நின்றது. எங்கள் பத்திரிகைகளில் தாய்மாமன் பெயரைத் தனியாகப் போட்டு, பக்கத்தில் ஊரையும் போடுவார்கள். ‘தாய்மாமன்: திரு. பத்துமலை, சிங்கப்பூர்.’ அச்சகத்தில் சரி பார்த்தவன் நான்தான். வீட்டில் இரண்டு தடவை வாசித்தவள் மாரியம்மா. தட்டில் எடுத்து வைத்ததும் அவள்தான். இதை அவனே வாசிக்கப் போகிறான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. சொல்லிச் சொல்லி எங்களுக்கே அது உண்மையாகிவிட்டிருந்தது.

“சிங்கப்பூர்” என்று மெதுவாக வாசித்தான்.

அக்காவைப் பார்த்தான். அவள் குனிந்துகொண்டாள். என்னைப் பார்த்தான். நான் என்ன செய்வேன்? அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நல்ல ஊருக்கா அது” என்றான்.

பத்திரிகையை மடிப்பு மாறாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

“லீவு கேக்கணும். கெடைக்குமான்னு தெரியல. பார்க்கலாம்க்கா.”

எங்களுக்கு வேலை வைக்காமல் அவனே முடித்துவிட்டான். மாரியம்மா வழியெல்லாம் ஒத்திகை பார்த்த எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இவனையா நாம் மறைத்து வைத்திருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. பத்துமலை என் பக்கம் திரும்பினான். “மச்சான், முட்டி வலி எப்படி இருக்கு?” என்றான். நல்லா இருக்கு என்றேன்.

கிளம்பும்போது அன்றைக்கு அவன் ‘எப்பக்கா வீட்டுக்கு’ என்று கேட்கவில்லை.

காரில் ஏறி வெளியே வந்தோம். ஈப்போவுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் மாரியம்மா சொன்னாள்.

“தைப்பிங் போங்க.”

“இப்பவா? பட்டர்வொர்த் ஹைவேல மழையா இருக்கும்.”

“தைப்பிங் போங்க.”

“அவங்க வேணாம்னு சொல்லிட்டா?”

“சொல்லட்டும்.”

“தினேஸ்வரி?”

அவள் மகளுக்குப் போன் போட்டு, நான் தைப்பிங் போகிறேன், எதற்கென்று உனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னாள். மகள், “போங்கம்மா” என்றது எனக்கும் கேட்டது. நான் வண்டியைத் திருப்பினேன். விடியற்காலையில் ஒரு நடை பஸ் ஓட்டிவிட்டு வந்தவன் நான், கண் எரிந்தது. மலை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது.

வீரம்மா வீட்டு வாசலில் நனைந்துகொண்டே இறங்கினோம்.

“என்னா சம்பந்தி, சொல்லாம கொள்ளாம! வாங்க, வாங்க. ஏங்க, துண்டு எடுத்துட்டு வாங்க!”

“சும்மாதான் இந்தப் பக்கம்…” என்று நான் ஆரம்பித்தேன்.

“சும்மா இல்ல” என்றாள் மாரியம்மா. உட்காரவும் இல்லை. “எந்தம்பி சிங்கப்பூர்ல இல்ல. தஞ்சோங் ரம்புத்தான்ல இருக்கான்.”

வீரம்மாவின் உதடு சிரிக்கப் போனது. பழக்கம், அவரைக் குறை சொல்ல முடியாது.

“சிரிக்காதீங்க சம்பந்தி. அன்னிக்கும் அதான் சொன்னேன். நீங்க சிரிச்சீங்க, நானும் சிரிச்சேன். இன்னிக்கு என்னால முடியாது.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தோட்டம், சுவரில் கேட்ட குரல், பெரிய சாலை, மருந்து, சாக்லேட் உட்பட. முதல் பத்திரிகையை இப்போதுதான் கொடுத்துவிட்டு வருகிறோம் என்றாள். அதில் சிங்கப்பூர் என்று அச்சடித்திருப்பதையும் அவன் வாசித்ததையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை குரல் உடையவில்லை. பிச்சைமுத்து துண்டைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அதை எங்களிடம் கொடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

“அது பிள்ளைங்களுக்கு வருமா?” என்று அவர்தான் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. எந்தத் தகப்பனும் கேட்பான்.

“தெரியலண்ணே. வரலாம், வராமலும் போலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க. வராதுன்னு நான் சொன்னா அது பொய்யி.”

வீரம்மாவின் முகம் சிவந்துவிட்டது. ஒரு அடி முன்னால் வந்தார்.

“ஒங்க வீட்ல, ஒங்க சோத்தத் தின்னுட்டு, ஒங்க மூஞ்சிக்கு நேரா நான் அப்படிச் சிரிச்சிருக்கேன். நிறுத்துங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? என்னைய என்னான்னு நெனச்சீங்க? அவ்ளோ கெட்டவளா நானு?”

“இல்ல சம்பந்தி…”

“கூடச் சேந்து சிரிச்சீங்களே!”

அவ்வளவு சத்தமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கதவு சாத்திய சத்தம் கேட்டது. உள்ளே தீபனுக்குப் போன் போட்டுப் பேசுவது புரிந்தது, என்ன பேசுகிறார் என்று புரியவில்லை. மழை கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டே இருந்தது. பிச்சைமுத்து ஒருவழியாகத் துண்டை நீட்டினார். நான் வாங்கித் தலையைத் துடைத்துக்கொண்டேன். மாரியம்மா வாங்கவில்லை.

இதற்கு அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ‘வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்’ என்று வரும். இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள், யாரும் வேண்டாம் என்று நேராகச் சொல்வதில்லை. அதற்கு நாமும் ‘சரிங்க, யோசிச்சுச் சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டு கிளம்பி வர வேண்டும். தினேஸ்வரியிடம் போய் என்ன சொல்வது என்று யோசித்தேன். எனக்கு அவ்வளவு களைப்பாக இருந்தது, அந்தத் தரையிலேயே படுத்துவிடலாம் போலிருந்தது. கிளம்பலாம் என்பதுபோல மாரியம்மாவைப் பார்த்தேன். அவள் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. வீரம்மா முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தார். மூக்கு மட்டும் சிவந்திருந்தது. எங்கள் எதிரே உட்கார்ந்து, முந்தானையைச் சரி செய்துகொண்டார். என்னைப் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை.

“எங்க பக்கம் பொண்ணோட தாய்மாமனுக்கு நாங்கதான் உடுப்பு எடுக்கணும்” என்றார். குரலில் இன்னும் கோபம் இருந்தது. “வேட்டி எடுத்துருவேன். சட்ட என்னா சைசு அவருக்கு?”

மாரியம்மா இரண்டு கையையும் தூக்கி, தோள் அகலத்துக்கு ஒரு அளவு காட்டினாள். அது சரியில்லை என்று அவளுக்கே பட்டது. கொஞ்சம் அகட்டினாள். மறுபடி குறுக்கினாள். அங்கே எல்லோருக்கும் ஆஸ்பத்திரி உடுப்புதான். நாங்கள் முறுக்கு கொண்டு போவோம், பழம் கொண்டு போவோம், சட்டை யாரும் கொண்டு போனதில்லை.

“தெரியல சம்பந்தி” என்றாள். அந்தக் கைகளை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். “எந்தம்பி சட்ட அளவு எனக்குத் தெரியல.”